யாருக்குப் பிறந்தாய்? எங்கே பிறந்தாய்?

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்க அரசியல் சட்டத்தின் அடித்தளம் பற்றியும் அங்குள்ள குடிமக்களின் உரிமைகள் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக 1787இல் பிலடெல்பியாவில் தொடங்குவார்கள். வாஷிங்டன் தலைமை தாங்கினார், மேடிசன் குறிப்பெடுத்தார், அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து ஒன்றையொன்று கண்காணிக்க வைத்தார்கள் என்று போகும். அதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம். நான் அதற்கு 125 ஆண்டுகள் முன்னால் தொடங்குகிறேன். ஏனென்றால் குடியுரிமை என்ற கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

வர்ஜீனியா அப்போது இங்கிலாந்தின் குடியேற்றப் பகுதி. அங்கே எலிசபெத் கீ என்ற இளம்பெண் இருந்தார். தாய் அடிமையாக இருந்த ஆப்பிரிக்கப் பெண். தந்தை தாமஸ் கீ ஆங்கிலேயர், அந்தப் பகுதியின் சட்டமன்ற உறுப்பினர். எலிசபெத்தை வேலைக்கு வைத்திருந்தவர் இறந்ததும், அவரது சொத்துக் கணக்கில் ஆடு மாடுகளோடு எலிசபெத்தையும் அடிமை என்று சேர்த்துவிட்டார்கள். எலிசபெத் நீதிமன்றத்துக்குப் போனார். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி தந்தையின் நிலைதான் பிள்ளையின் நிலை. என் தந்தை சுதந்திரமானவர், ஆகவே நானும் சுதந்திரமானவள் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. 1656இல் வழக்கில் வென்றார்.

ஆறே ஆண்டுகள். 1662இல் வர்ஜீனியா சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டது. இனிமேல் பிள்ளைக்குத் தந்தையின் நிலை அல்ல, தாயின் நிலை. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை.

மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமை தராத சமூகம் திடீரெனத் தாய்வழிக்கு மாறியது ஏன்? கணக்குதான். எஜமான் அடிமைப் பெண்ணை வன்புணர்ந்தால் பிறக்கும் பிள்ளை, பழைய சட்டப்படி அவனைப்போலவே சுதந்திரமான ஆளாகிவிடக்கூடும். புதுச் சட்டப்படி அது அவனுக்குச் சொத்து. விடுதலைப் பிரகடனத்தில் எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் எழுதிய ஜெஃபர்சனுக்கு, அவரது அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ் வழியாகப் பிள்ளைகள் பிறந்தார்கள் என்று இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பிறக்கும்போதே தந்தைக்கு அடிமைகளாகப் பிறந்தார்கள்.

"யாருக்குப் பிறந்தாய்?" இதுதான் 1662ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட கேள்வி. நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் "எந்த ஊரு தம்பி?" என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் விடமாட்டார்கள். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி வரும். எங்கே பிறந்தாய் என்று கேட்பதுபோல் இருக்கும், ஆனால் கேட்பது யாருக்குப் பிறந்தாய் என்பதைத்தான். ஊரும் சேரியுமாக நிலத்தையே பிரித்து வைத்திருப்பதால் இரண்டு கேள்வியும் நமக்கு ஒன்றாகிவிட்டது. அமெரிக்காவில் இந்த இரண்டு கேள்விகளும் எதிரெதிராக நின்று மோதின. அந்த மோதலைத்தான் அந்நாட்டு அரசியல் சட்டத்தின் அடித்தளம் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது 1787க்கு வருவோம். பிலடெல்பியாவில் எழுதிய அந்த ஆவணத்தில் "அடிமை" என்ற சொல்லே கிடையாது. ஆனால் அடிமைமுறைக்கு வேலி போட்டிருந்தார்கள். மக்கள்தொகையைக் கணக்கிடும்போது சுதந்திரமானவர்களோடு "மற்ற நபர்களில்" ஐந்தில் மூன்று பங்கைச் சேர்க்க வேண்டும். அந்த மற்ற நபர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். அடிமைக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அடிமையின் தலையை எண்ணி எஜமானின் மாநிலத்துக்குக் கூடுதல் நாடாளுமன்ற இடம், குடியரசுத் தலைவர் தேர்தலில் கூடுதல் வாக்கு. முதல் ஐந்து குடியரசுத் தலைவர்களில் நான்கு பேர் வர்ஜீனியாவின் அடிமை உடைமையாளர்கள். தப்பி ஓடிய அடிமை எந்த மாநிலத்தில் பிடிபட்டாலும் எஜமானிடம் ஒப்படைக்க வேண்டும் என்றொரு விதி. 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடைசெய்யக் கூடாது என்று இன்னொரு விதி.

"குடிமகன்" என்ற சொல் அந்த ஆவணத்தில் பல இடங்களில் வருகிறது. குடிமகன் யார் என்ற விளக்கம் மட்டும் எங்கும் இல்லை. மறந்துவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. அதை விளக்கப் போனால் சுதந்திரமான கறுப்பின மனிதர் குடிமகனா என்று சொல்லியாக வேண்டும், கூட்டம் உடைந்திருக்கும். வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை கேட்பவருக்கு மட்டும் 1790இல் விடை சொன்னார்கள். அவர் "சுதந்திரமான வெள்ளையர்" ஆக இருக்க வேண்டும்.

1791இல் வந்த உரிமைப் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேச்சுரிமை, மத உரிமை, ஜூரி விசாரணை என்று எல்லோரும் புகழ்கிறார்களே, அந்தப் பத்துத் திருத்தங்களும் மத்திய அரசை மட்டும்தான் கட்டுப்படுத்தின. மாநிலங்களை அவை கட்டுப்படுத்தாது என்று 1833இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அடிமைமுறையை எதிர்த்து எழுதப்பட்டவற்றைத் தென்மாநிலங்கள் தடைசெய்தபோது அந்தப் புகழ்பெற்ற பேச்சுரிமை அங்கே எட்டிப் பார்க்கவில்லை.

அப்படியானால் குடியுரிமைக்கு விளக்கம் எழுதியது யார்? எழுதத் தொடங்கியவர்கள், அந்தச் சட்டம் கணக்கில் எடுக்காத மக்கள்தான்.

1816இல் வெள்ளையர் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். சுதந்திரமான கறுப்பினத்தவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது திட்டம். நல்லெண்ணத்தோடுதான் என்று சொல்லிக்கொண்டார்கள். மறு ஆண்டு பிலடெல்பியாவில் கறுப்பின மக்களின் பெத்தேல் தேவாலயத்தில் ஏறத்தாழ 3000 பேர் கூடினார்கள். போக மாட்டோம் என்று தீர்மானம் போட்டார்கள். அரசியல் சட்டம் எழுதப்பட்ட அதே நகரம்தான். 1830இலிருந்து கறுப்பின மக்கள் தங்கள் மாநாடுகளை நடத்தத் தொடங்கினார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வந்த வாதம் இதுதான்: எங்கள் பாட்டன் எங்கிருந்து கொண்டுவரப்பட்டான் என்று கேட்காதே, நாங்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள்.

இந்த வாதத்தை நீதிமன்றத்தில் சோதித்த குடும்பம் ஒன்று உண்டு. ட்ரெட் ஸ்காட் வழக்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ட்ரெட் ஸ்காட்டின் மனைவி ஹாரியட்டும் 1846இல் அதே நாளில் செயின்ட் லூயிஸ் நகரில் தனியாக ஒரு மனு போட்டார். அதைப் பலரும் சொல்வதில்லை. எஜமானான ராணுவ மருத்துவர் ட்ரெட்டை அடிமைமுறை இல்லாத பகுதிகளில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். அங்கேதான் ஹாரியட்டோடு திருமணம் நடந்தது. ஆகவே எங்களுக்கு விடுதலை வேண்டும் என்பது வழக்கு. இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் எலைசா, அடிமைமுறை இல்லாத பகுதியில் மிசிசிப்பி ஆற்றில் போன நீராவிப் படகில் பிறந்தவள். தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்ற பழைய விதி நினைவிருக்கிறதா? தான் விடுதலையானால்தான் பிள்ளைகளுக்கு விடுதலை. ஹாரியட்டின் மனுவுக்கு அந்த எடை இருந்தது. ஆனால் வழக்கு மேலே போகப் போக அவருடைய மனு கணவரின் வழக்குக்குள் அடங்கிப்போனது. வரலாற்றிலும் அப்படியே.

1857இல் தீர்ப்பு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், அடிமையாக இருந்தாலும் சுதந்திரமாக இருந்தாலும், அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்றார் தலைமை நீதிபதி ரோஜர் டானி. ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் ஸ்காட்டுக்கு எதிர்ப்பக்கம். எதிர்த்து எழுதிய இருவரில் ஒருவரான பெஞ்சமின் கர்ட்டிஸ், அரசியல் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்த நாளிலேயே ஐந்து மாநிலங்களில் சுதந்திரமான கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை இருந்ததைக் காட்டினார். எடுபடவில்லை. ஸ்காட் குடும்பத்தை அந்த ஆண்டே வேறொருவர் விடுவித்தார். ட்ரெட் மறு ஆண்டு இறந்தார். ஹாரியட் 1876வரை உயிரோடு இருந்து, தன் குடும்பத்துக்கு எதிரான தீர்ப்பு குப்பைக்குப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதைக் குப்பைக்கு அனுப்பியது நீதிமன்றம் அல்ல. உள்நாட்டுப் போர். வடக்கின் ராணுவத்தில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் நின்றார்கள். 1865இல் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. உடனே தென்மாநிலங்கள் கறுப்பினத்தவருக்கென்றே தனிச் சட்டங்கள் போட்டு, வேலையில்லாமல் நிற்பதையே குற்றமாக்கி, பழையபடி பண்ணைக்கு இழுத்தன. அதற்குப் பதிலாக 1866இல் குடிமை உரிமைகள் சட்டம், 1868இல் 14ஆவது திருத்தம். அமெரிக்காவில் பிறந்து அதன் அதிகாரத்துக்கு உட்பட்ட எல்லோரும் அதன் குடிமக்கள். மாநில அரசு எந்த நபருடைய உயிரையும் விடுதலையையும் சொத்தையும் உரிய சட்ட நடைமுறை இல்லாமல் பறிக்கக் கூடாது. எந்த நபருக்கும் சட்டங்களின் சம பாதுகாப்பை மறுக்கக் கூடாது. "எந்த நபருக்கும்" என்பதைக் கவனியுங்கள், குடிமகனுக்கு மட்டும் அல்ல.

விவாதத்தின்போது பென்சில்வேனியா செனட்டர் எட்கர் கவன், அப்படியானால் சீனர்களின் பிள்ளைகளும் ஜிப்சிகளின் பிள்ளைகளும் குடிமக்கள் ஆகிவிடுவார்களா என்று கேட்டார். பயமுறுத்தத்தான் கேட்டார். கலிபோர்னியா செனட்டர் ஜான் கானஸ், தானே அயர்லாந்தில் பிறந்து வந்தவர், ஆமாம், ஆவார்கள் என்றார். தெரிந்தே எழுதினார்கள் தோழர்களே. கை தவறி எழுதிய வரி அல்ல அது.

யாருக்குப் பிறந்தாய் என்ற கேள்வியின் இடத்தில் எங்கே பிறந்தாய் என்ற கேள்வி வந்து உட்கார்ந்தது இப்படித்தான். என்னைக் கேட்டால் அமெரிக்கக் குடியரசு தொடங்கிய ஆண்டு 1868.

முழுமையாக வந்ததா? இல்லை. அதே திருத்தத்தின் இரண்டாம் பகுதியில் வாக்காளர் என்றால் "ஆண்" என்று முதன்முறையாக எழுதி வைத்தார்கள், பெண்கள் கொதித்தார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கே அந்த மண்ணில் பிறந்ததால் குடியுரிமை கிடையாது என்று 1884இல் நீதிமன்றம் சொன்னது, 1924 சட்டம் வரும்வரை அதுதான் நிலை. வெள்ளைப் பயங்கரவாதமும் ஓயவில்லை. 1873இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் தேர்தல் தகராறை ஒட்டிக் கறுப்பின மக்களைக் கூட்டமாகக் கொன்றார்கள். தண்டனை பெற்ற சிலரையும் 1876இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மத்திய அரசு மாநிலத்தின் செயலைத் தடுக்கலாமே தவிர, தனிமனிதர்களின் வன்முறையில் தலையிட முடியாது என்பது காரணம்.

அதே 1873இல்தான் மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ் பூலே "குலாம்கிரி" நூலை வெளியிட்டு, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். பூலே வணங்கிய அந்த விடுதலையை அங்கே அப்போதே பிரித்து எறிந்துகொண்டிருந்தார்கள். 1875இல் நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டது: விடுதி, ரயில், நாடக அரங்கு எதிலும் நிறம் பார்த்து மறுக்கக் கூடாது. 1883இல் நீதிமன்றம் அதையும் அடித்தது. விடுதிக்காரர் தனியார், 14ஆவது திருத்தம் தனியாரைக் கட்டுப்படுத்தாது என்று.

இந்தப் பாடத்தை அம்பேத்கர் படித்திருந்தார். 1913 முதல் 1916வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1947இல் அவர் எழுதிய "மாநிலங்களும் சிறுபான்மையினரும்" ஆவணத்தைப் புரட்டினால், 14ஆவது திருத்தமும் 1866, 1875ஆம் ஆண்டுச் சட்டங்களும் குறிப்புகளில் வருகின்றன. அமெரிக்க நீதிமன்றம் செல்லாது என்ற அதே 1875ஆம் ஆண்டுச் சட்டம்! நம் அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவில் உள்ள "சட்டங்களின் சம பாதுகாப்பு" அங்கிருந்து வந்தது, எண் ஒன்றாக இருப்பது தற்செயல். 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கடை, விடுதி, கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லி அடுக்குகிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. இரண்டும் டீக்கடைக்காரரையும் கட்டுப்படுத்தும். தனியார் என்று தப்ப முடியாது.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த சமையல்காரர் வாங் கிம் ஆர்க். பெற்றோர் சீனர்கள், சட்டப்படி அவர்கள் என்றைக்கும் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது. 1895இல் சீனா போய்த் திரும்பியவரைக் கப்பலிலிருந்து இறங்க விடவில்லை. நீ சீனருக்குப் பிறந்தவன் என்றது அரசு. நான் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவன் என்றார் அவர். சீனச் சமூகச் சங்கங்கள் வழக்கறிஞர் வைத்தன. 1898இல் ஆறுக்கு இரண்டு என்று வென்றார். தோற்ற அந்த இருவரில் ஒருவர் நீதிபதி ஹார்லன். 1896இல் நிறப் பிரிவினையை ஏற்ற பிளெஸ்ஸி தீர்ப்பைத் தனியொருவராக எதிர்த்து, இந்த நாட்டில் சாதி என்பது இல்லை என்று எழுதிய அதே ஹார்லன். கறுப்பினத்தவருக்காக எழுந்து நின்றவர், சீனப் பிள்ளை என்றதும் உட்கார்ந்துவிட்டார்.

நம்மவர் கதை இனிமேல்தான். பகத் சிங் திண்ட், பஞ்சாபிலிருந்து போனவர், முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். வெளிநாட்டில் பிறந்தவர் என்பதால் அவருக்கு 1790ஆம் ஆண்டின் "வெள்ளையர்" விதிதான் தடை. அந்த விதியே அநியாயம் என்று அவர் தரப்பு வாதாடவில்லை. நான் உயர்சாதி இந்து, ஆரிய இனம், ஆகவே வெள்ளையர் என்றது. அமெரிக்கர் நீக்ரோவை எப்படிப் பார்க்கிறாரோ அப்படித்தான் எங்கள் உயர்சாதியினர் இந்தியப் பழங்குடியைப் பார்க்கிறார்கள் என்றும் எழுதிக் கொடுத்தது. நானும் உங்களைப்போல ஒடுக்குகிறவன்தான், என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பம்! 1923 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. சாதாரண வெள்ளைக்காரன் உன்னை வெள்ளையன் என்று ஒத்துக்கொள்ள மாட்டான், அவ்வளவுதான். ஏற்கனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள்.

ஒரு சீனச் சமையல்காரர் எங்கே பிறந்தேன் என்று சொல்லி வென்றார். ஒரு "உயர்சாதி இந்து" யாருக்குப் பிறந்தேன் என்று சொல்லித் தோற்றார். சட்ட நுணுக்கம் வேறு வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்த இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு, மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு, 1964இல் குடிமை உரிமைகள் சட்டம், 1965இல் வாக்குரிமைச் சட்டம். இவற்றில் பலவற்றுக்குப் பிடிமானம் 14, 15ஆவது திருத்தங்களும் தெருவில் நின்ற மக்களும். அதே 1965இல், அதே போராட்டத்தின் வேகத்தில், நாட்டுக்கு நாடு பாகுபாடு வைத்திருந்த குடியேற்றச் சட்டம் மாறியது. சென்னையிலிருந்து மருத்துவர்களும் பொறியாளர்களும் விமானம் ஏறிய கதவு அதுதான். கறுப்பின மக்கள் ரத்தம் சிந்தித் திறந்த கதவு.

2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்ற நாளிலேயே ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அமெரிக்காவில் பிறந்தாலும், தாய் அனுமதியின்றி அங்கே இருப்பவர், அல்லது மாணவர் விசா, வேலை விசாபோலத் தற்காலிகமாக இருப்பவர், தந்தையும் குடிமகனோ நிரந்தரக் குடியிருப்பாளரோ அல்ல என்றால், அந்தப் பிள்ளை குடிமகன் இல்லை. முதலில் கேட்பது தாயின் நிலையை. 1662 கேட்ட அதே கேள்வி. பூர்வகுடிகளுக்கு எதிரான 1884ஆம் ஆண்டுத் தீர்ப்பையே தேடி எடுத்துவந்து அரசு வாதாடியது. மூன்றே நாளில் சியாட்டில் நீதிபதி ஒருவர் தடுத்தார். ரீகன் நியமித்தவர், முற்போக்காளர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. மற்ற இடங்களிலும் தடைகள் வந்தன, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது.

30 நாள் கழித்துப் பிறக்கும் பிள்ளைகளுக்கு என்று ஆணை சொன்னது. எண்ணிப் பாருங்கள், பிப்ரவரி 19. திண்ட் தோற்ற அதே தேதி. அதற்குள் அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்துவிடலாமா என்று இந்தியத் தாய்மார்கள் மருத்துவர்களைக் கேட்டதாகச் செய்திகள் வந்தன. எச்-1பி விசாவில் இருக்கும் குடும்பங்கள். கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்களுக்குப் பல பத்தாண்டுக் காத்திருப்பு, ஆகவே பிள்ளை பிறக்கும்போது பெற்றோர் "தற்காலிகம்"தான். நம் தெருக்களிலிருந்து போன பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள், அக்ரகாரத்திலிருந்து போனவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருடைய குழந்தைக்கும் வேலியாக நின்றது, அடிமைகளாக இருந்த மக்களுக்காக எழுதப்பட்ட ஒரு வரி.

இதையும் சொல்லிவிட வேண்டும். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது, அமெரிக்காவில் முதல் நகரம். கலிபோர்னியா சட்டமன்றமும் அதேபோல் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. இந்து அமைப்புகள் சில முழு மூச்சாக எதிர்த்தன. அக்டோபரில் ஆளுநர் அதை நிராகரித்தார். வெள்ளையர் முன்னால் "எங்கே பிறந்தோம் என்று மட்டும் பாருங்கள்" என்று கேட்கிறவர்களில் சிலர், தங்களுக்குள் "யாருக்குப் பிறந்தாய்" என்று கேட்கும் உரிமையை மட்டும் விடத் தயாராக இல்லை.

எங்கே பிறந்தாய் என்பதும் கடைசிக் கேள்வி அல்ல. இரண்டு வயதில் எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்டு, வேறு நாடே தெரியாமல் அங்கே வளர்ந்த பிள்ளைக்கு 14ஆவது திருத்தத்தில் குடியுரிமை இல்லை. அந்தச் சண்டை அங்கே இன்னும் நடக்கிறது.

இங்கேயும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்தியாவில் பிறந்தால் இந்தியக் குடிமகன் என்றுதான் தொடங்கியது. 1987 ஜூலையிலிருந்து பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்று மாறியது. 2004 டிசம்பரிலிருந்து, ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது என்று மாறியது. அந்த மாற்றங்களின் கதையை அடுத்த கூட்டத்தில் வேறொரு தோழர் பேசுகிறார். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவை மட்டும் படித்துவிட்டு வாருங்கள், ஒரு பக்கம்தான்.

ஜெய் பீம்.